ஹகோவா வியன்னாவும் அதன் நீச்சல் வீராங்கனைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹகோவா ஒரு கால்பந்து டீம்தானே? நீச்சலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கால்பந்து அதன் ஒரு பிரிவு மட்டும்தான். 1909-ல் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் யூதர்கள் தொடங்கிய விளையாட்டு கிளப் இது. கால்பந்து, கத்திச்சண்டை, ஹாக்கி, தடகளம், நீச்சல் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே இருந்தன. மல்யுத்தமும் வாட்டர் போலோவும் பிறகு பெரிதாக வளர்ந்தன. இப்படிப் பல விளையாட்டுகளை ஒரே பெயரின் கீழ் நடத்துவது மத்திய ஐரோப்பாவில் வழக்கமான முறைதான். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் தலைவர், தனிப் பயிற்சியாளர், தனிக் கணக்கு. சட்டையில் மட்டும் எல்லோருக்கும் ஒரே சின்னம்.

ஹகோவாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கால்பந்தில் தொடங்கி கால்பந்திலேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த கிளப் எதற்காகத் தொடங்கப்பட்டது, அதற்கு என்ன நேர்ந்தது என்பதை அதன் நீச்சல் பிரிவு அளவுக்குத் தெளிவாகச் சொல்லும் பிரிவு வேறு இல்லை. அதிலும் குறிப்பாகப் பெண்கள்.

யூதர்களுக்கு எதற்குத் தனி கிளப்? இருக்கிற கிளப்பில் சேர்ந்திருக்கலாமே?

சேர விட்டால்தானே. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் பல சங்கங்கள் தங்கள் விதிகளில் 'ஆரியப் பிரிவு' என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டன. யூதர்களை உறுப்பினராக்க மாட்டோம் என்பதுதான் அதன் சாரம். உடற்பயிற்சிச் சங்கங்கள், மலையேற்றச் சங்கங்கள், மாணவர் சங்கங்கள் என்று அது பரவிக்கொண்டே போனது. யூத வெறுப்பையே அரசியலாக்கி வெற்றி கண்ட கார்ல் லுவேகர் 1897 முதல் 1910 வரை வியன்னாவின் மேயராக இருந்தார். ஹகோவா பிறந்தபோது நகரம் அவர் கையில்தான் இருந்தது.

இன்னொரு பக்கம், 1898-ல் பாசெல் நகரில் நடந்த இரண்டாம் சியோனிச (யூதர்களுக்குத் தனித் தாயகம் கேட்ட இயக்கம்) மாநாட்டில் எழுத்தாளர் மாக்ஸ் நோர்டாவ், யூதர்கள் உடல் வலிமையை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று பேசினார். யூதன் என்றால் புத்தகத்தோடு கூனிப்போனவன் என்று ஊரெல்லாம் கேலி பேசிய காலம் அது. ஹகோவா என்ற எபிரேயப் பெயருக்கு வலிமை என்று பொருள். முதல் தலைவரான ஃபிரிட்ஸ் லோனர்-பெடா ஒரு கவிஞர், ஓபரெட்டா எனப்படும் இசை நாடகங்களுக்குப் பாட்டு எழுதியவர். அவர் 1942 டிசம்பரில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்.

அதற்கு முன்பு யூத நீச்சல் வீரர்கள் ஆஸ்திரியாவில் இல்லையா?

தாராளமாக இருந்தார்கள். 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே 500 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்ற பால் நொய்மான் வியன்னாக்காரர், யூதர். 100 மீட்டரில் வெள்ளி வென்ற ஓட்டோ ஹெர்ஷ்மானும் அப்படித்தான். அவர் 1912-ல் கத்திச்சண்டையிலும் வெள்ளி வென்றார். ஒலிம்பிக்கில் இரண்டு வெவ்வேறு விளையாட்டுகளில் பதக்கம் வாங்கியவர்கள் மிகக் குறைவு. அவரையும் நாஜிகள் 1942-ல் கொன்றார்கள்.

பெண்களுக்கு ஒலிம்பிக்கில் நீச்சல் முதன்முதலாக வந்தது 1912 ஸ்டாக்ஹோமில். அங்கே 4×100 மீட்டர் ரிலேயில் ஆஸ்திரியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. அந்த நால்வரில் மார்கரெட்டே ஆட்லர், கிளாரா மில்ஷ், யோசஃபினே ஸ்டிக்கர் ஆகிய மூவர் யூதப் பெண்கள். அதாவது திறமை ஏற்கெனவே இருந்தது. தலை நிமிர்ந்து தங்கள் பெயரிலேயே நீந்துவதற்கு ஒரு இடம்தான் இல்லாமல் இருந்தது, அதை ஹகோவா கொடுத்தது.

நீச்சல் பிரிவு எப்போது உச்சத்துக்கு வந்தது?

1920-களின் நடுவிலிருந்து 1936 வரை. அந்தக் காலத்தில் வியன்னாவில் சுமார் 2 லட்சம் யூதர்கள் இருந்தார்கள், நகரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒருவர். ஆகவே கிளப்புக்குப் பிள்ளைகள் வரத்துக்குக் குறைவே இல்லை. நகரமும் நீச்சலுக்கு ஏற்றதாக மாறிக்கொண்டிருந்தது. சமூக ஜனநாயகக் கட்சி நடத்திய மாநகராட்சி 1926-ல் அமாலியன்பாட் என்ற பெரிய உள்ளரங்கக் குளத்தைத் திறந்தது. தொழிலாளர் குடியிருப்புப் பகுதியில், சாதாரண மக்களுக்காகக் கட்டப்பட்டது அது.

நீச்சல் பிரிவை நடத்தியவர் வாலண்டின் ரோசன்ஃபெல்ட் என்ற வழக்கறிஞர். பயிற்சியாளர் ஷிகோ வெர்தைமர். இந்த இருவரையும் சொல்லாமல் பெண்களைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமில்லை. பெண்கள் போட்டி நீச்சலில் இறங்குவதையே பலர் முகம் சுளித்துப் பார்த்த காலத்தில், ஒரு கிளப்பின் மிகப் பெரிய வெற்றிகள் பெண்களிடமிருந்து வந்தன என்றால் அதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் பிடிவாதம் இருக்கத்தானே வேண்டும்.

முதலில் பெயர் வாங்கியவர்கள் யார்?

ஹெடி பீனென்ஃபெல்ட், ஃபிரிட்ஸி லோவி. இரண்டு பேருமே 1927-ல் இத்தாலியின் போலோன்யாவில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றார்கள். ஹெடி 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில், ஃபிரிட்ஸி 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில். அடுத்த வருடம் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கிலும் நீந்தினார்கள். ஹெடி ஷிகோ வெர்தைமரைத் திருமணம் செய்துகொண்டார்.

ஆனால் வியன்னா மக்கள் இவர்களை நேரில் பார்த்து ஆரவாரித்தது குளத்தில் அல்ல, 'வியன்னா குறுக்கே' என்ற நீச்சல் பந்தயத்தில். நகரத்தின் நடுவே ஓடும் டான்யூப் கால்வாயில் ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர் தூரம், இரண்டு கரையிலும் பாலங்களிலும் பெரும் கூட்டம். டிக்கெட் வாங்கி உள்ளே வந்த ரசிகர்கள் இல்லை, ஊரே கூடி நிற்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே மார்பில் யூதர்களின் சின்னமான தாவீதின் நட்சத்திரம் பொறித்த நீச்சல் உடையோடு ஒரு இளம்பெண் முதலாவதாக வந்து கரையேறுகிறாள் என்றால் அதன் வீச்சு எப்படி இருந்திருக்கும். கைதட்டியவர்களும் உண்டு, வசைபாடியவர்களும் உண்டு.

போட்டிகளில் தொந்தரவு இருந்ததா?

இருந்தது. அதனால்தான் ஹகோவாவின் மல்யுத்த வீரர்கள் நீச்சல் போட்டிகளுக்குப் பாதுகாப்பாகக் கூடவே போவார்கள். யாராவது வம்புக்கு வந்தால் அவர்கள் முன்னால் நிற்பார்கள். அந்த மல்யுத்தப் பிரிவும் லேசுப்பட்டதில்லை: அதைச் சேர்ந்த மிக்கி ஹிர்ஷ்ல் 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்றவர். பல விளையாட்டுகள் ஒரே கிளப்பில் இருந்ததன் பயன் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சரி, கால்பந்துக் கதையையும் கொஞ்சம் சொல்லுங்கள்.

சுருக்கமாகச் சொல்கிறேன். 1923 செப்டம்பரில் லண்டனுக்குப் போய் அங்குள்ள வெஸ்ட் ஹாம் அணியை 5–0 என்று தோற்கடித்தார்கள். இங்கிலாந்தின் பெரிய போட்டியான எஃப்.ஏ. கோப்பையில் அந்த வருடம் இறுதிப் போட்டி வரை வந்த அணி அது. அன்று வெஸ்ட் ஹாம் களமிறக்கியதில் பெரும்பாலோர் ரிசர்வ் ஆட்டக்காரர்கள்தான், என்றாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு கிளப் இங்கிலாந்து அணியை அதன் மண்ணிலேயே வென்றது பெரிய செய்தி. அப்புறம் 1924–25, ஆஸ்திரியாவின் முதல் தொழில்முறை லீக். அதில் ஹகோவா சாம்பியன். பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்தில் கோல்கீப்பர் அலெக்சாண்டர் ஃபாபியானுக்குக் கை முறிந்தது. அந்தக் காலத்து விதியில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. கையைத் தூளியில் கட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் போனார், வெற்றி கோலையும் அவரே அடித்தார்.

1926-ல் அமெரிக்கா போனபோது நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் ஒரு ஆட்டத்தைப் பார்க்க 46,000 பேர் வந்தார்கள். அந்தப் பயணங்களுக்குப் பிறகு நல்ல ஆட்டக்காரர்கள் பலர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டதால் அணி பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. கால்பந்து இறங்கிய அதே வருடங்களில்தான் நீச்சல் பிரிவு ஏறுமுகத்தில் போனது.

1936-ல் என்ன நடந்தது?

ஹிட்லர் ஆண்ட, யூதர்களை ஒடுக்கிய ஜெர்மனியில் நடந்த பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஆஸ்திரிய நீச்சல் அணியில் ஹகோவாவின் மூன்று பெண்கள் தேர்வானார்கள்: யூடித் டாய்ச், ரூத் லாங்கர், லூசி கோல்ட்னர். மூவருமே போக மறுத்தார்கள்.

யூடித்துக்கு அப்போது 17 வயது. ஃப்ரீஸ்டைலில் ஆஸ்திரிய சாதனைகளைக் குவித்துக்கொண்டிருந்தார். 1935-ல் நாட்டின் தலைசிறந்த விளையாட்டு வீரர்களில் ஒருவர் என்று அரசே கௌரவித்திருந்தது. அவருடைய சகோதரிகள் ஹன்னியும் ஹெடியும்கூட (இவர் வேறு ஹெடி) அதே கிளப்பில் நீந்தியவர்கள்தான். ரூத் இன்னும் சின்னவர். 11 வயதில் ஹகோவாவில் சேர்ந்து, 14 வயதில் 100 மீட்டர், 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இரண்டிலும் தேசிய சாதனையை உடைத்தவர். ஒலிம்பிக் நடந்தபோது அவருக்கு 15 வயது. லூசிக்கு 18.

யூத விளையாட்டு கிளப்புகளின் கூட்டமைப்பான உலக மக்காபி சங்கம் யூத விளையாட்டு வீரர்களை பெர்லினுக்குப் போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் இந்தப் பிள்ளைகள் வெறுமனே ஒரு சங்கத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள் என்று எழுதுவது அவர்களைச் சிறுமைப்படுத்துவது. தன் மக்களை இப்படித் துன்புறுத்தும் நாட்டில் போட்டியிட மாட்டேன் என்று யூடித் தெளிவாகவே சொன்னார். நாய்களுக்கும் யூதர்களுக்கும் அனுமதி இல்லை என்ற பலகைகள் அந்தக் காலத்தில் எப்படி மாட்டப்பட்டிருந்தன என்பதை ரூத் பல வருடம் கழித்தும் மறக்காமல் சொன்னார். இவர்கள் எதை மறுக்கிறோம் என்று தெரிந்துதான் மறுத்தார்கள்.

தண்டித்தது ஹிட்லரா?

இல்லை. இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். 1936-ல் ஆஸ்திரியா தனி நாடு. ஜெர்மனி அதை விழுங்கியது 1938 மார்ச்சில். இந்த மூன்று பெண்களுக்கும் ஆயுட்காலத் தடை விதித்தது, அவர்கள் பட்டங்களைப் பறித்தது, சாதனைப் பட்டியலிலிருந்து பெயரை அடித்தது எல்லாம் ஆஸ்திரிய விளையாட்டு நிர்வாகம். சொன்ன காரணம், ஆஸ்திரிய விளையாட்டுக்குப் பெரும் கேடு விளைவித்தார்கள், ஒலிம்பிக் உணர்வை அவமதித்தார்கள் என்பது.

போகாமல் இருந்தது ஒரு போட்டிக்கு. ஆனால் அழிக்கப்பட்டது அதற்கு முன்பு குளத்தில் கடிகாரம் வைத்து அளந்து பதிவான நேரங்கள். ஒருவர் ஓடிய தூரத்தை, நீந்திய நேரத்தை இல்லை என்று சொல்ல எந்த நிர்வாகத்துக்கு உரிமை இருக்கிறது? எனக்கு இந்தக் கதையில் மிகவும் கசப்பான பகுதி இதுதான்.

போயிருந்தால் பதக்கம் கிடைத்திருக்குமா?

அப்போது பெண்களுக்கு ஐந்தே நீச்சல் போட்டிகள்தான்: 100, 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல், 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக், 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக், 4×100 ரிலே. பெர்லினில் நெதர்லாந்தின் ரீ மாஸ்டன்ப்ரூக் மட்டுமே மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் அள்ளினார். ஃப்ரீஸ்டைலில் அவரை வெல்வது யாருக்கும் கடினம். பதக்கக் கணக்கை வைத்து இவர்களின் முடிவை எடைபோடுவதில் எனக்கு விருப்பமில்லை. ஒலிம்பிக்கில் நீந்துவது என்பது 15 வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய கனவு. அதை விட்டுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான் விஷயம்.

எல்லா யூத வீரர்களும் பெர்லினைப் புறக்கணித்தார்களா?

இல்லை. ஆஸ்திரியாவின் பளுதூக்கும் வீரர் ராபர்ட் ஃபைன் அங்கே தங்கம் வென்றார், அவரும் யூதர். ஹங்கேரியின் யூத வீரர்கள் பலரும் போய் வென்றார்கள். ஹிட்லரின் முன்னாலேயே ஜெயித்துக் காட்டுவதும் ஒரு பதில் என்று நினைத்தவர்களைக் குறைசொல்ல மாட்டேன். இரண்டு முடிவுக்கும் துணிச்சல் வேண்டும். ஆனால் ஒரு முடிவுக்குப் பதக்கமும் இன்னொரு முடிவுக்குத் தடையும் கிடைத்தது.

1938-க்குப் பிறகு கிளப்புக்கு என்ன ஆனது?

நாஜிகள் உள்ளே வந்த உடனேயே ஹகோவாவை மூடினார்கள். வியன்னாவின் பிராட்டர் பகுதியில் இருந்த மைதானத்தைப் பறித்தார்கள், நடந்துகொண்டிருந்த லீக்கில் ஹகோவாவின் ஆட்ட முடிவுகளை ரத்து செய்தார்கள். நீச்சல் குளங்கள் யூதர்களுக்கு மூடப்பட்டன. போர் முடிவதற்குள் ஆஸ்திரிய யூதர்களில் சுமார் 65,000 பேர் கொல்லப்பட்டார்கள். கால்பந்து அணிக் கேப்டனாக இருந்த மாக்ஸ் ஷோயர் அவர்களில் ஒருவர்.

அந்த நீச்சல் பெண்கள் தப்பித்தார்களா?

மேலே பெயர் சொன்ன வீராங்கனைகள் தப்பினார்கள், ஆளுக்கொரு திசையில்.

யூடித் முன்னதாகவே பாலஸ்தீனம் போய்விட்டார். அங்கேயும் சாம்பியன் ஆனார். 1939-ல் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்காக நீந்தி வெள்ளி வென்றார். ரூத் தலைமுடிக்குப் பொன்னிறச் சாயம் பூசிக்கொண்டு, போலி ஞானஸ்நானச் சான்றிதழோடு இத்தாலிக்குத் தப்பி, அங்கிருந்து இங்கிலாந்து சேர்ந்தார். அங்கே தேம்ஸ் நதியில் நடந்த நீண்டதூர நீச்சலில் வென்றார். முடியின் நிறத்தை மாற்றி உயிர் பிழைத்து, ஒரு வருடத்துக்குள் அந்நிய நாட்டு ஆற்றில் முதலிடம். லூசி கடைசியில் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். ஹெடி பீனென்ஃபெல்டும் வெர்தைமரும் அமெரிக்கா போனார்கள். ஃபிரிட்ஸி லோவி போருக்குப் பிறகு வியன்னாவுக்கே திரும்பினார், அப்படித் திரும்பியவர்கள் மிகச் சிலர்.

வாலண்டின் ரோசன்ஃபெல்ட் லண்டனுக்குத் தப்பியவர். அங்கிருந்து சுற்றறிக்கைக் கடிதங்கள் அனுப்பி, உலகெங்கும் சிதறிய நீச்சல் பிரிவு உறுப்பினர்களை ஒருவரோடு ஒருவர் தொடர்பில் வைத்திருந்தார். யார் எங்கே இருக்கிறார், யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை என்ற சேதிகள் கண்டம் விட்டுக் கண்டம் போயின. மைதானமும் இல்லை, குளமும் இல்லை, பதிவுப் புத்தகமும் இல்லை. ஆனாலும் கிளப் இருந்தது. கால்பந்து வெற்றிகளை விட இந்தக் கடிதங்களை நான் மேலாக நினைக்கிறேன்.

பறித்த பட்டங்களைத் திருப்பிக் கொடுத்தார்களா?

1995-ல். கிட்டத்தட்ட 60 வருடம் கழித்து ஆஸ்திரியா மன்னிப்புக் கேட்டு யூடித்தின் பட்டங்களை மீட்டுக் கொடுத்தது. அவர் அதற்காக வியன்னா போகவில்லை. அவர்கள்தான் இஸ்ரேலுக்குப் போய்க் கொடுக்க வேண்டியிருந்தது, அதுதான் முறையும்கூட. யூடித் 2004-ல் காலமானார். ரூத் 1999-ல் லண்டனில்.

தாமதமாகக் கிடைத்தாலும் கிடைத்ததே என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1945-க்கும் 1995-க்கும் நடுவில் 50 வருடம் இருக்கிறது, அந்த 50 வருடத்தில் எந்த நாளிலும் இதைச் செய்திருக்கலாம்.

இந்தப் பெண்கள் மறுபடி சந்தித்தார்களா?

2004-ல் வெளிவந்த ஒரு ஆவணப்படத்துக்காக, உயிரோடிருந்த ஹகோவா நீச்சல் வீராங்கனைகள் சிலர் பல நாடுகளிலிருந்து வியன்னாவுக்கு வந்தார்கள். எண்பதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். அத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த ஊர்க் குளத்தில் ஒன்றாக நீந்தினார்கள். தெருக்களின் பெயரையும் பழைய பாட்டுகளையும் மறக்காதவர்கள், அதே நேரத்தில் அந்த நகரத்தை மன்னித்துவிட்டோம் என்று சுலபமாகச் சொல்லாதவர்கள். கிடைத்தால் பாருங்கள்.

கிளப் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 1945-லேயே, போர் முடிந்த சில வாரங்களில், திரும்பி வந்த விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்து மறுபடி தொடங்கினார்கள். கால்பந்துப் பிரிவு சில வருடங்களிலேயே மூடப்பட்டது, நீச்சல் தொடர்ந்தது. பறிக்கப்பட்ட மைதானம் இருந்த பிராட்டர் பகுதியிலேயே நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு இடம் கிடைத்து, 2008-ல் கார்ல் ஹாபர் பெயரில் புதிய விளையாட்டு மையம் திறந்தார்கள். போருக்குப் பின் கிளப்பைத் தூக்கி நிறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர்.

ஹகோவா என்ற பெயரில் இஸ்ரேல், அமெரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாவற்றிலும் கிளப்புகள் உண்டானதால் தேடும்போது கலந்துவிடும். 'ஹகோவா ராமத் கான்' என்று வந்தால் அது இஸ்ரேல் கால்பந்து அணி.

மேலும் தேட வேண்டுமென்றால் எந்தப் பெயரில் தேடுவது?

பெண்களின் பெயர் கல்யாணத்துக்குப் பிறகு மாறிவிட்டதால் பழைய பெயரில் மட்டும் தேடினால் பாதி தகவல் தப்பிவிடும். யூடித் டாய்ச்சை யூடித் ஹாஸ்பெல் என்றும், ரூத் லாங்கரை ரூத் லாரன்ஸ் என்றும், ஹெடி பீனென்ஃபெல்டை ஹெடி வெர்தைமர் என்றும் தேடிப் பாருங்கள். ஃபிரிட்ஸி லோவியின் பெயரில் உள்ள 'ஓ'வை ஜெர்மன் எழுத்தில் இரண்டு விதமாக எழுதுவார்கள், இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். 1936-க்கு முந்தைய ஆஸ்திரியப் பட்டியலைப் பார்க்கிறவர்கள் அது 1995-க்கு முன் அச்சானதா பின் அச்சானதா என்பதை முதலில் கவனியுங்கள்.